மட்: அனுப்பிய மின்னஞ்சலைத் தானாகப் பிரித்து வைப்பது எப்படி?

கறுப்புத்திரை:
வணக்கம். டெபியன் லினக்ஸில் மட் (டெர்மினலில் ஓடும் மின்னஞ்சல் நிரல்) வைத்திருக்கிறேன். மெய்ப்பு பார்ப்பது தொழில். அச்சகத்துக்குப் போனது ஒரு ஃபோல்டரிலும், ஆடிட்டருக்குப் போனது இன்னொன்றிலும், மற்றவை மாதவாரியாகவும் தாமாகவே போய்ச் சேர வேண்டும். இப்போது அனுப்பும் முன் ஒவ்வொரு தடவையும் எஃப் அழுத்தி ஃபோல்டர் பெயரைத் தட்டுகிறேன்.

சேவ்_நேம் என்ற அமைப்பைப் போட்டுப் பார்த்தாயிற்று. அது முகவரியில் அட் குறிக்கு முன்னால் உள்ள பெயரில் ஃபோல்டர் தேடுகிறது. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் 'இன்ஃபோ'. எல்லோரும் ஒரே இடத்தில் விழுகிறார்கள்!

பழைய டெர்மினல்:
உங்களுக்கு வேண்டியது எஃப்சிசி-ஹூக், பெறுநரைப் பார்த்து அனுப்பியதன் பிரதி எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கட்டளை. மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் அந்தச் சொல், பிறகு முகவரி, பிறகு ஃபோல்டர். ஆளுக்கு ஒரு வரி. இது சேவ்_நேம், ரெக்கார்டு (வழக்கமாகப் பிரதி சேரும் ஃபோல்டரைச் சொல்லும் அமைப்பு) இரண்டையும் மீறும்.

வரிசையைக் கவனியுங்கள். ஃபோல்டர்-ஹூக் (ஃபோல்டர் மாறும்போது ஓடுவது), சென்ட்-ஹூக் (கடிதம் எழுதும்போது ஓடுவது) எல்லாம் பொருந்துகிற அத்தனை வரிகளையும் ஓட்டும். இது அப்படியில்லை, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அதனால் தனி முகவரி மேலே, முழு டொமைன் கீழே.

வெறும் முகவரி கொடுத்தால் சிசியில் இருப்பவரையும் சேர்த்துத்தான் பார்க்கும். அச்சகத்துக்கு எழுதும் கடிதத்தில் ஆடிட்டருக்கு நகல் போட்டு, அவர் வரி மேலே இருந்தால் கடிதம் ஆடிட்டர் ஃபோல்டருக்குப் போய்விடும். முகவரிக்கு முன்னால் டில்டா (~) போட்டு 't' என்ற சிறிய எழுத்தைச் சேருங்கள். டூ வரியை மட்டும் பார்க்கும். இன்னொன்று, அனுப்பும் திரைக்கு வந்த பிறகு பெறுநரை மாற்றினால் ஹூக் மறுபடி ஓடாது. பிரதி போகும் ஃபோல்டரைக் காட்டும் எஃப்சிசி வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அனுப்ப ஒய் அழுத்துங்கள்.

நள்ளிரவுக்காரன்:
மாதவாரிக்கு ரெக்கார்டில் பேக்டிக் (`) போட்டு, தேதியைத் தரும் டேட் கட்டளையைக் கொடுப்பார்கள். மட்டைத் திறக்கும்போதுதான் அது கணக்கிடப்படும். என்னைப் போல டிமக்ஸில் (டெர்மினலைப் பின்னணியில் ஓடவைக்கும் நிரல்) மாசக்கணக்கில் மூடாமல் வைத்திருக்கிற ஆளென்றால், ஜூலைக் கடிதமும் ஜூன் ஃபோல்டரில் கிடக்கும். அந்த வரியை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து ஃபோல்டர்-ஹூக்கில் கொடுங்கள். ஃபோல்டர் மாறும்போதெல்லாம் தேதியைப் புதிதாகப் பார்க்கும்.

ஜிமெயிலின் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் சர்வர்) வழியாக அனுப்புகிறீர்களா? அங்கே தானாகவே ஒரு பிரதி 'சென்ட்'டில் சேரும். நீங்களும் அங்கேயே சேமித்தால் இரட்டை.

கறுப்புத்திரை:
ஜிமெயில் இல்லை, சொந்த சர்வர். டில்டா போட்டதும் அச்சகமும் ஆடிட்டரும் பிரிந்துவிட்டார்கள். நன்றிண்ணே! மாதவாரி வரியையும் ஹூக்குக்குள் மாற்றியிருக்கிறேன், ஒண்ணாம் தேதி தெரிந்துவிடும்.