வண்ண லேசர் பிரிண்டரின் மஞ்சள் புள்ளிகள்: எப்படிப் பார்ப்பது, எவ்வளவு கவலைப்படுவது?

பிரிக்பீல்ட்ஸ்வாசி

வணக்கம். அடுக்குமாடிப் பராமரிப்புக் கணக்கு பற்றிப் பெயர் போடாமல் ஒரு புகார்க் கடிதம் அச்சடிக்க வேண்டும். வண்ண லேசர் பிரிண்டர்கள் தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைப் போடுகின்றனவாம், அதை வைத்து மெஷினையே கண்டுபிடித்துவிடலாமாம். வீட்டு மெஷின் அப்படிச் செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர் வாங்கினால் போதுமா? இல்லை, போட்டோஸ்டேட் கடைக்கே போய்விடலாமா?

ஜாலான்பாசார்_சால்டர்

புள்ளிகள் உண்மைதான். வண்ண காப்பியரால் கள்ளநோட்டு பெருகிவிடும் என்ற பயத்தில் 1980களில் ஜெராக்ஸும் கேனானும் கொண்டுவந்த ஏற்பாடு. வெளியுலகுக்கு 2004 வாக்கில்தான் தெரிந்தது.

பார்க்க அதிகச் செலவில்லை. 5 மி.மீ. நீல எல்இடி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, தொடராக 330 ஓம் ரெசிஸ்டர் (சுமார் 17 மில்லியாம்ப் ஓடும், ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் எல்இடி கருகிவிடும்). கோலாலம்பூர் புடு ஜாலான் பாசாரில் எல்லாம் கிடைக்கும். கூடவே நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ். அறையை இருட்டாக்கி, தாளின் வெற்றிடத்தில் நீல ஒளியைச் சாய்த்து அடியுங்கள். மஞ்சள் டோனர் (லேசர் மெஷினின் மைத்தூள்) நீலத்தை விழுங்கும், வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பும். அதனால் புள்ளி கறுப்பாகத் தெரியும். ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. அளவுதான், ஆனால் ஒரே கட்டம் தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். சிதறிய டோனர் தூளுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த ஒழுங்குதான்.

ஸ்கேனரில் பார்ப்பதானால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்), வண்ணம், பிஎன்ஜி கோப்பு. 600இல் ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும், 300இல் ஒன்றுதான். ஜேபெக் வேண்டாம், அது சுருக்கும்போது முதலில் கைவைப்பது நிற விவரத்தில். ஸ்கேனரில் பின்னணியை வெளுக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். பிறகு கிம்ப் என்ற இலவசப் படத் திருத்தியில் படத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, நீல அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள்.

பட்டர்வொர்த்_மணி

அண்ணே, இவ்வளவு எதற்கு, நோட்டுப் பார்க்கும் யூவி டார்ச் போதுமே?

ஜாலான்பாசார்_சால்டர்

யூவியிலும் தெரியலாம் மணி, ஆனால் அதை நம்பிவிட முடியாது. தாளில் கலந்திருக்கும் வெண்மையூட்டி யூவியில் தானே ஒளிரும், அதுவும் தாளுக்குத் தாள் மாறும். நீலமே எடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

புள்ளிகளைப் பார்த்துவிட்டால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாமே படிக்க முடியுமா?

தாள்சிக்கல்

சில மெஷின்களுக்கு முடியும். ஜெராக்ஸ் டாக்குகலர் வகையின் கட்டத்தை எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க டிஜிட்டல் உரிமை அமைப்பு 2005இல் அவிழ்த்தது. 15 நெடுவரிசை, 8 கிடைவரிசை. மேல் வரிசை சரிபார்ப்புக்கு. கீழே உள்ள ஏழு வரிசைக்கும் மதிப்பு மேலிருந்து 64, 32, 16, 8, 4, 2, 1; ஒரு நெடுவரிசையில் புள்ளி விழுந்த இடங்களின் மதிப்பைக் கூட்ட வேண்டும். இடமிருந்து 2ஆம் நெடுவரிசை நிமிடம், 5 மணி, 6 தேதி, 7 மாதம், 8 ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். 11 முதல் 14 வரை மெஷினின் சீரியல் எண், நெடுவரிசைக்கு இரண்டு இலக்கமாக. 16, 2, 1 ஆகிய இடங்களில் புள்ளி இருந்தால் 19. மற்ற கம்பெனிகளின் கட்டங்கள் வேறு. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2018இல் 106 மாடல்களின் அச்சுகளை ஆராய்ந்து, டெடா என்ற இலவச பைத்தான் கருவியை வெளியிட்டார்கள். ஸ்கேன் கோப்பைக் கொடுத்தால் தெரிந்த கட்டங்களை அதுவே படிக்கும்.

புள்ளிகளைக் குழப்பும் முகமூடியும் அதில் உண்டு: சோதனைத் தாள் அச்சடித்து, ஸ்கேன் செய்து, அதிலிருந்து கூடுதல் புள்ளிகளைத் தயாரித்து உங்கள் பிடிஎஃப் மேல் போடும். பலர் சறுக்கும் இடம் அளவுதான். பிரிண்ட் பெட்டியில் ‘தாளுக்குப் பொருத்து’ என்று இருந்தால் 97 சதவீதமாகச் சுருங்கி முகமூடி நகர்ந்துவிடும். 100 சதவீதம் என்று வைத்து, அச்சான தாளை மறுபடி நீல ஒளியில் பார்க்காமல் நம்ப வேண்டாம். தாள் முழுக்க இளமஞ்சள் அடித்து மறைக்கும் யோசனையும் சுற்றுகிறது, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கறுப்பு லேசரில் மஞ்சள் டோனரே இல்லை, ஆகவே இந்தப் புள்ளியும் இல்லை. இன்க்ஜெட்டிலும் இந்த வகைப் புள்ளிகள் கண்டறியப்பட்டதில்லை. ஆனால் வண்ண மெஷினில் கறுப்பெழுத்து மட்டும் அடிப்பது வேறு விஷயம். டிரைவரில் வண்ணம் ‘ஆட்டோ’ என்று இருந்தால் கடிதத்தில் ஒரு சின்னப் படமோ நீல நிற இணைய முகவரியோ போதும், அது வண்ணப் பக்கமாகிவிடும்.

கறுப்பு லேசரும் முழுக்க ஊமையில்லை. டோனரைத் தாளில் ஏற்றும் உருளையான டிரம்மில் கீறல் இருந்தால் அதன் தடம் டிரம் சுற்றளவு இடைவெளியில் திரும்ப விழும்: 24 மி.மீ. விட்டமுள்ள டிரம்முக்கு சுமார் 75 மி.மீ., 30க்கு 94. சந்தேகப்படும் மெஷின் கையில் கிடைத்தால் ஒப்பிட்டுவிடலாம்.

பினாங்கு_காப்பியர்

எல்லாரும் புள்ளியிலேயே நிற்கிறீர்கள். புள்ளி தருவது சீரியல் எண். அந்த எண்ணை உங்கள் பெயரோடு சேர்க்க உத்தரவாதப் பதிவோ கடை ரசீதோ வேண்டும். அடுக்குமாடி நிர்வாகத்தால் அதெல்லாம் எளிதில் முடியாது. உங்களைக் காட்டிக்கொடுப்பது வேறு.

2017இல் அமெரிக்காவில் அரசின் ரகசிய ஆவணத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய ரியாலிட்டி வின்னர் என்பவரின் வழக்கைச் சொல்வார்கள். வெளியான ஆவணத்தில் புள்ளிகள் இருந்தது உண்மை. ஆனால் விசாரணைப் பத்திரத்தில் இருப்பது என்ன? படத்தில் மடிப்புத் தெரிந்தது, ஆகவே அச்சடித்த தாள். அதை அச்சடித்தவர்கள் ஆறு பேர் என்று அலுவலகப் பதிவு சொன்னது. ஆறில் ஒருவரின் கணினியில் அந்தப் பத்திரிகையோடு மின்னஞ்சல் தொடர்பு இருந்தது.

ஆஃபீஸ் மெஷினில் அடிக்கவே வேண்டாம். அச்சு வேலைகளைப் பங்கிடும் கணினியில் (பிரிண்ட் சர்வர்) பயனர் பெயர், கோப்பின் பெயர், நேரம் எல்லாம் பதிவாகும். கடையா? வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பினால் உங்கள் நம்பர் கடைக்காரர் போனில் நிற்கும், கோப்பும் நிற்கும். தம்ப்டிரைவில் கொடுத்து, கோப்புக்கு ‘1’ என்று பெயர் வைத்து, வோர்டில் ஆசிரியர் பெயரை நீக்கி, ரொக்கமாகக் கட்டுங்கள். பெரிய காப்பியர்களில் ஹார்ட்டிஸ்க் உண்டு, நகலெடுத்தது அதில் தங்கிவிடலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகை காப்பியர்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்து, 2013இல் அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. ஐசி (அடையாள அட்டை) நகல் எடுக்கும்போதும் இது நினைவிருக்கட்டும்: நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

நன்றி அண்ணே. கறுப்பு லேசரிலேயே அடிக்கிறேன். கடிதத்தை யாருக்கு அனுப்புவது நல்லது?

பினாங்கு_காப்பியர்

பராமரிப்புக் கணக்கு என்றால் கட்டட ஆணையர்தான், கோலாலம்பூரில் மாநகராட்சியின் கீழ் வருவார். பணத்தில் கைவைத்த குற்றம் என்றால் போலீஸ், லஞ்சம் என்றால் ஊழல் தடுப்பு ஆணையம். மலேசியாவின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2010 அமலாக்க அமைப்புக்குச் சொல்பவரின் அடையாளத்தைக் காக்கிறது. அதே கடிதத்தை முகநூலில் போட்டால் அந்தக் காப்பு கிடைக்காது. இன்னொன்று, கடிதத்தில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த கூட்டத்தையோ ரசீது எண்ணையோ எழுதாதீர்கள். அதை எழுதிவிட்டு மஞ்சள் புள்ளியைத் தேடி என்ன பயன்?