மறு: மறு: கலைச்சொல் தேவை – விழித்திரை விலகலா, கழலலா?

அன்பு நண்பர்களே,

அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்கான கண் ஸ்கேன் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். திடீரென்று பார்வை போனவரின் மூடிய இமைமேல் ஜெல்லைத் தாராளமாக இட்டு, அழுத்தாமல் கருவியை வைத்தால், திரையில் வெள்ளைக் கோடு மிதக்கும். அது பின்சுவரை விட்டுப் பெயர்ந்த விழித்திரை என்றால் கண் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். விழிக்குள் நிறைந்திருக்கும் பளிங்குநீரின் (vitreous) பின்படலம் என்றால் அவ்வளவு அவசரமில்லை. ஆனாலும் அவர் பார்த்தாக வேண்டும். என் வரைவில் இரண்டுமே 'விலகல்'. இரவுப் பணியில் படிப்பவர் குழம்பமாட்டாரா?

– செ.

செ. அவர்களுக்கு,

'கழலல்' இருக்க ஏன் கவலை? பிரிவால் மெலிந்த தலைவியின் வளை கழல்வது அகப்பாடல் அறிந்தவர்க்குப் புதிதா? இன்னொன்று: 'வாளற்றுப் புற்கென்ற கண்ணும்' (குறள் 1261). வாள் என்றால் ஒளி. திடீர்ப் பார்வையிழப்புக்கு 'வாளறல்' எனலாம்.

– புலவர் ம.

புலவர் ஐயா, 'வாளறல்' என்று போட்டால் வெட்டுக்காயம் என்று தையல் செட்டோடு ஓடிவருவார்கள். மேலும் அந்தக் கண் வழிபார்த்துப் பார்த்து மங்கியது, திடீரென்று அல்ல. கழன்ற வளை கையைவிட்டே போய்விடும். விழித்திரையோ பின்னால் பார்வை நரம்புத் தட்டில் (அந்த நரம்பு கண்ணோடு சேரும் இடம்) ஒட்டிக்கொண்டுதான் அலையும். பளிங்குநீர்ப் படலம் அந்தத் தட்டின் குறுக்கே தாண்டிப் போகும். கண்ணை அசைக்கச் சொன்னால் சுழலும். ஒட்டு இருக்கிறதா என்பதுதானே கேள்வி? சுவரில் சுண்ணாம்பு ஒரு பக்கம் ஒட்டியபடியே உரிகிறது. ஆகவே 'விழித்திரை உரிதல்', 'பளிங்குநீர் விலகல்'.

– கா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். கையேட்டின் தலைப்பில் 'மீயொலி' (ultrasound) என்று கண்டேன். எங்கட பாடநூல்களில் 'கழியொலி'. ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்துக்கும் தமிழ்நாட்டில் 'மீயொலி'தானே?

– வ.

ஆகா, கழி! 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று நன்னூலே மிகுதிப்பொருள் சொல்கிறது. அடுத்த குறளிலேயே 'கலங்கழியும்'. அங்கே கழிதல் என்பது கழலல்! ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதைப் பாருங்கள்.

– புலவர் ம.

ஐயா, ஆஸ்பத்திரியில் 'கழிவு' என்றால் வேறு. தலைப்பு 'கண் ஸ்கேன்' என்றே இருக்கட்டும். கா. சொன்ன 'உரிதல்' என்பதையே போடுகிறேன்.

– செ.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கண் உரிகிறது என்று காதில் விழுந்தால் நோயாளி அலறுவார். 'விழித்திரை விலகல்' ஏற்கெனவே பழகிய சொல். பளிங்குநீருக்கான சொல்லைத்தான் மாற்ற வேண்டும். அப்புறம், விழிக்கோளம் கிழிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கருவியை வைக்கவே கூடாது. அந்த எச்சரிக்கை வரியில் 'விழிச்சிதைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். சிதைவு வேறு, கிழிசல் வேறு அல்லவா?

– டாக்டர் ப.