11 வருஷம் நின்ன 1984 புல்லட்: முதல் கிக்குக்கு முன்னாடி என்ன செய்யணும்?

கோவை_350:
புல்லட் ஸ்டாண்டர்டு 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், பாயின்ட்ஸ் இக்னிஷன் (ரெண்டு தொடுமுனை திறந்து மூடி ஸ்பார்க் கொடுக்கிற பழைய முறை). 11 வருஷமா ஷெட்ல நிக்குது. கிக்கர் பாதிதான் இறங்குது, அதுக்கு மேல அழுத்தல. டேங்க்ல பழைய பெட்ரோல், வார்னிஷ் வாடை. புது பேட்டரி, புது பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா, இன்ஜினைப் பிரிக்கணுமா?

காஸ்ட்அயர்ன்:
இப்பவே பிரிக்க வேண்டாம், ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க. பிளக்கைக் கழட்டி, இன்ஜின் ஆயிலும் டீசலும் சரிபாதியா 20 மில்லி ஊத்தி ஒரு நாள் விடுங்க. அப்புறம் நாலாவது கியர்ல போட்டு, பின் சக்கரத்தைக் கையால முன்னும் பின்னும் மெதுவா அசைச்சுப் பாருங்க. கிக்கர்ல ஏறி மிதிச்சா, ஒட்டின பிஸ்டன் ரிங் உடைஞ்சு சிலிண்டர் சுவர்ல கோடு விழும்.

அடுத்தது ஆயில். இதுல ஆயில் டேங்க் கிரேங்க்கேஸோட ஒரே வார்ப்பு. நிக்கிற வண்டில பம்ப் வழியா ஆயில் கசிஞ்சு கிரேங்க் அறைக்கு இறங்கிடும். அடியில இருக்கிற டிரெயின் போல்ட் எல்லாத்தையும் திறந்து முழுசா வடிங்க. ஃபில்டரை மாத்துங்க. 20டபிள்யூ50 ஆயில் 2 லிட்டர் ஊத்தி, மிச்சத்தை டிப்ஸ்டிக் பார்த்து ஊத்துங்க.

ஃபில்டர் அறை காலியா இருக்கும்போது பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிரேங்க்கோட சேர்ற பேரிங்) ஆயில் போகாது. பழைய புல்லட்ல அங்க இருக்கிறது ரோலர் பேரிங் இல்ல, ஃப்ளோட்டிங் புஷ்ங்கிற உலோக வளையம். காய்ஞ்சு ஓடினா போச்சு. அதனால பிளக் இல்லாமலே, ஃபில்டர் மூடியைக் கொஞ்சம் தளர்த்திட்டு, அங்க ஆயில் கசியற வரைக்கும் கிக் பண்ணுங்க.

பாயின்ட்ஸ்பிரியன்:
பழைய பெட்ரோலை வெளியே எடுத்துடுங்க. டேங்க்ல துரு இருந்தா வினிகர் நிரப்பி ஒரு நாள் வச்சு, சோடா உப்புத் தண்ணில அலசி, காய்ஞ்ச உடனே உள்ளே ஆயில் சுழற்றி விடுங்க. இல்லன்னா சாயங்காலமே மறுபடி துரு. கார்புரேட்டர்ல, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடற சின்னத் துளையான பைலட் ஜெட்தான் முதல்ல அடைக்கும். கம்பி விடாதீங்க, கிளீனரும் காத்தும் போதும். இப்ப வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ட்யூப் தாங்காது, புதுசு போடுங்க.

ஸ்பார்க் வரலன்னா காயிலைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி பாயின்ட்ஸைப் பாருங்க. நிக்கிற வண்டில முகம் வெளுத்துப் பூத்திருக்கும். நைஸ் எமரி தேய்ச்சு, பெட்ரோல் துணியால துடைச்சு, கேப் 0.35–0.40 மி.மீ. வைங்க. டாப்பெட்டை (வால்வு இடைவெளி) இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் சரி பண்ணணும்: வால்வை இயக்கற கம்பியான புஷ்ராடு ரெண்டு விரல்ல சுத்தணும், மேலகீழ ஆடக்கூடாது.

கோவை_350:
சக்கரம் சுத்துது, கிக்கர் முழுசா இறங்குது. ஃபில்டர் மூடில ஆயில் வந்துடுச்சு. ஆனா ராக்கருக்கு (வால்வைத் திறக்கிற நெம்புகோல்) ஆயில் போற பைப்போட போல்ட்டைத் தளர்த்தினா சொட்டுகூட இல்ல. பம்ப் போச்சா?

காஸ்ட்அயர்ன்:
இல்லீங்க. ராக்கருக்குப் போறது, கிரேங்க் அறையிலிருந்து ரிட்டர்ன் பம்ப் தூக்கற ஆயில். அந்த அறையை வடிச்சதால தூக்க எதுவுமில்ல. ராக்கர் மேல கையாலயே கொஞ்சம் ஆயில் விட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, அந்த போல்ட்ல ஆயில் கசியுதான்னு கவனிங்க. ஓரிரு நிமிஷத்துல வரலன்னா உடனே நிறுத்திட்டு, பைப்பும் போல்ட் துளையும் அடைச்சிருக்கான்னு பாருங்க.

டிரம்பிரேக்:
இன்ஜின் ஓடுதுன்னு உடனே ரோட்டுக்கு எடுக்காதீங்க. ரெண்டு டிரம்மையும் திறங்க. ஒட்டின லைனிங் ஷூவை விட்டுப் பிரிஞ்சா ஓட்டத்துல சக்கரம் அப்படியே லாக் ஆகும். ஷூவை விரிக்கிற பிரேக் கேமுக்கு லேசா கிரீஸ், கேபிளெல்லாம் புதுசு. டயர் பார்க்க நல்லா இருந்தாலும் வேண்டாம்; முன்னும் பின்னும் 3.25-19, ட்யூபோட மாத்துங்க. கிளட்ச் பிளேட் ஒட்டியிருந்தா லீவரைப் பிடிச்சுக்கிட்டு கிக் பண்ணினா விடும்.

ஆர்.சி. காலாவதி ஆகியிருந்தா படிவம் 25 கொடுத்து ஆர்.டி.ஓ.வுல புதுப்பிச்சு, இன்ஷூரன்சும் புகைச் சான்றும் எடுத்த பிறகு தெருவுக்கு எடுங்க.