இரட்டைக் குட்டி மரபணு உள்ள கிடா எங்கே கிடைக்கும்?

சொந்தங்களே, சாயல்குடி பக்கம் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி வளர்க்கிறேன். மரபணு பார்த்து ஒரு கிடா வாங்க நினைக்கிறேன். வெளிநாடுகளில் கறி மாட்டின் சதைக்குள் கொழுப்பு இழையோட, தைரோகுளோபுலின், டிஜிஏடி1 மரபணுக்களைச் சோதித்துக் காளையைத் தேர்ந்தெடுப்பது உண்டு. ஆனால் அந்தக் குணம் ஒரே மரபணுவின் வேலை இல்லை. பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது, தீனியும் வேண்டும். உடைமர நெற்று தின்கிற நம் ஆட்டுக்கு அது எதற்கு? வியாபாரி எடையைத்தான் பார்க்கிறார்.

எனக்கு வேண்டியது இரட்டைக் குட்டி. அதற்கு மேற்கு வங்கத்துக் கரோல் செம்மறியில் இருக்கிற, ஒரே ஈற்றில் கூடுதல் குட்டி தரவைக்கும் ஃபெக்-பி மரபணு ஒன்றே போதும். மகாராஷ்டிராவில் பல்தானில் கலப்பு செய்து அதை அங்கத்திய தக்காணி செம்மறியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கிடா தமிழ்நாட்டில் யாரிடமாவது இருக்கிறதா? ரத்த மாதிரியை எங்கே அனுப்புவது, என்ன செலவு? அப்புறம், கோடையில் இரட்டைக்குத் தாய்ப்பால் பத்துமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.