பன்னிரண்டு ஆண்கள், இரண்டு இரவுகள்: மலையா, காடா?

சாட்ஸ்வொர்த் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயில் குழுவைச் சேர்ந்த ஆண்கள் பன்னிரண்டு பேர், தென்னாப்பிரிக்காவின் பொது விடுமுறையான செப்டம்பர் 24 மரபுரிமை நாளை ஒட்டி வரும் வார இறுதியில், வெள்ளிக்கிழமை டர்பனிலிருந்து புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்புவதாக, ஊர்ச் சத்தம் எட்டாத ஓரிடத்தில் தங்கி வர எண்ணியுள்ளோம். எங்களில் இளையவருக்கு வயது 31, மூத்தவருக்கு 67. மூவருக்குச் சர்க்கரை நோய் உண்டு; அவர்களில் ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

இந்த எண்ணம் எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக்குள், ஐம்பது வயதைக்கூட எட்டாத இருவரை மாரடைப்புக்குப் பறிகொடுத்தோம். இரண்டாவது தகனம் முடிந்து வாசலில் நின்றிருந்தபோது, எங்களில் ஒருவர், "நாம் கடைசியாக எப்போது ஓய்வெடுத்தோம்?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இரவு வேலை, இரண்டாவது வேலை, பிள்ளைகளின் கட்டணம், கோயில் வேலை என்று எல்லோருக்கும் ஒரே கதைதான்.

சென்ற ஆண்டு தென்கடற்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இதே முயற்சியைச் செய்து பார்த்தோம். பனிப்பெட்டிகள் நிறைய பீர், விடியும்வரை ஒலிபெருக்கி, மறுநாள் பகல் முழுவதும் தொலைக்காட்சியில் ரக்பி ஆட்டம் என்று கழிந்து, போனதைவிடக் களைத்துத் திரும்பினோம். ஆகவே இம்முறை ஒழுங்காக ஒரு நிகழ்ச்சி நிரல் வகுத்துள்ளேன்: காலை ஐந்து மணிக்கு யோகாசனம், ஆறு மணிக்குத் தேவாரம், ஏழு மணிக்கு நடை, பிறகு உடல்நலம், கடன் மேலாண்மை, தந்தைமை ஆகிய மூன்று தலைப்புகளில் சொற்பொழிவு, மாலையில் வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் மனம் திறந்து பேசும் அமர்வு என மொத்தம் பதினான்கு அங்கங்கள்.

டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போவதா, இம்ஃபொலோசி காட்டுக்குப் போவதா? கைப்பேசி, இறைச்சி, மது ஆகியவற்றில் எவ்வளவு கண்டிப்பாக இருக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மரிட்ஸ்பர்க் மலைநடையர்:

அண்ணா, வணக்கம். இருபது ஆண்டுகளாக அந்த மலையில் நடந்து வருகிறேன். முதலில் இடத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

உங்கள் குழுவுக்கு டிராக்கன்ஸ்பெர்க்கில் உள்ள ஜயன்ட்ஸ் காஸில் முகாம் பொருந்தும் என்று நினைக்கிறேன். டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் மூய் ரிவர் சுங்கச்சாவடியைக் கடந்து போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சமையலறையோடு கூடிய விடுதிக் குடில்கள் இருப்பதால், 67 வயதுப் பெரியவரும் இன்சுலின் போடுபவரும் கட்டிலில் படுக்கலாம். சான் மக்கள் வரைந்த ஓவியங்கள் உள்ள பாறைக் குகை முகாமிலிருந்து சிறிது நேர நடைதான். வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க அனுமதிப்பார்கள். ஓவியத்தைத் தொடவும் கூடாது, நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்கவும் கூடாது. அந்த வீண்வேலையைச் செய்தே பலர் அவற்றைப் பாழாக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகுதான் புறப்படுவோம் என்றால் பூங்கா வாயில் மூடும் நேரத்தைத் தவறவிட்டுவிடுவீர்கள். அரை நாள் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும்.

செப்டம்பரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கோடை மழை இன்னும் தொடங்காத வறட்சியின் கடைசிக் கட்டம் அது. புல் காய்ந்து கிடக்கும். உள்நாட்டிலிருந்து வெப்பமான பெர்க் காற்று வீசும் நாளில் ஒரு சிகரெட் துண்டு போதும், மலைச்சரிவே பற்றிக்கொள்ளும். நடைபாதைகளிலும் குகைகளிலும் திறந்தவெளித் தீ மூட்ட எப்போதுமே தடை உண்டு. அங்கே கேஸ் அடுப்பு மட்டும்தான். மற்றொன்று பனி. வசந்தம் வந்துவிட்டதே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன்ஸ் கணவாய்ப் பக்கம் கொட்டிய பனியில் என்-3 நெடுஞ்சாலையிலேயே வாகனங்கள் இரவு முழுவதும் சிக்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

இன்சுலினைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன், இது முக்கியம். அது உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும்; உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. எனவே இரவில் அதைக் காரிலோ முதுகுப்பையின் வெளிப்பையிலோ விடாமல், அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெடுந்தூரம் நடக்கும் நாளில் இரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிடத் தாழும். எவ்வளவு மருந்து, எப்போது உணவு என்பதை முன்கூட்டியே அவருடைய மருத்துவரிடம் கேட்டு வரட்டும். குளுக்கோஸ் மாத்திரை அவர் பையில் மட்டுமல்லாமல், கூட நடப்பவர் பையிலும் இருக்க வேண்டும்.

நடைக்குக் கிளம்பும் முன் மலைப் பதிவேட்டில் பெயர், பாதை, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதுங்கள். யாராவது வழி தவறினால் தேடிவருபவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கைப்பேசி விஷயத்தில் உங்களுக்கு விதியே தேவைப்படாது. பள்ளத்தாக்குகள் பலவற்றில் அலைவரிசையே கிடையாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபீனிக்ஸ்:

தம்பி, மரிட்ஸ்பர்க்காரர் இடத்தைப் பற்றிச் சொன்னது சரி. நான் உங்கள் பதினான்கு அங்கங்களைப் பற்றிப் பேச வருகிறேன். அதைப் படித்தபோது, பள்ளியில் நான் வகுத்த கால அட்டவணைகள் நினைவுக்கு வந்தன. மணியடிப்பதற்கு ஒருவரை நியமித்துவிட்டீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் இம்ஃபொலோசியில் சுமையைத் தானே தூக்கிச் செல்லும் காட்டு நடை ஒன்றுக்குப் போயிருந்தேன். 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பழங்காடு அது. அழிந்துபோகும் நிலையிலிருந்த தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருக இனம் மீண்டு பரவியது அங்கிருந்துதான். அதன் ஒரு பகுதியில் சாலையும் கட்டடமும் இல்லாதபடி விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே இயன் பிளேயர் என்ற வனக்காவலரும், அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த ஜூலு மூத்தவரான மக்குபு நுடொம்பேலாவும் 1959-இல் காட்டு நடைகளைத் தொடங்கினார்கள். ஆயுதம் ஏந்திய வழிகாட்டிகள் முன்னே செல்ல, ஒற்றை வரிசையில், பேசாமல் நடக்க வேண்டும். வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற நிறமும் ஆகாது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடச் சொன்னார்கள். கழிப்பறை என்றால் ஒரு மண்வெட்டிதான்.

நான் சொல்ல வந்தது இரவுக்காவலைப் பற்றி. திறந்த வெளியில், கூடாரமின்றி, ஆற்றோரம் படுத்திருப்போம். ஒவ்வொருவரும் முறைவைத்து எழுந்து, மற்றவர்கள் தூங்கும்போது சிறிய தீயின் அருகே தனியே உட்கார்ந்து, அவ்வப்போது டார்ச் அடித்துச் சுற்றிலும் விலங்கின் கண் ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். என் முறை எப்போது வந்தது என்று கடிகாரம் இல்லாததால் தெரியாது. கழுதைப்புலி ஒன்று தொலைவில் கூவியது. எட்டுப் பேரின் உயிர் என் விழிப்பில் இருக்கிறது என்ற நினைப்பும், எனக்கு வேறு எந்த வேலையும் இல்லை என்ற நினைப்பும் ஒருசேர வந்தன. முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் அப்படி ஒரு நிலை எனக்கு வாய்த்ததில்லை. மூன்றாம் நாள் காலை, என்னோடு வந்த ஒரு லாரி ஓட்டுநர், யாரும் கேளாமலேயே, இறந்துபோன தம் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வட்டமாக உட்கார வைத்து "மனம் திற" என்றிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

அந்தக் காட்டு நடைக்கு உங்களில் பன்னிரண்டு பேரையும் ஒரே குழுவாகச் சேர்க்க மாட்டார்கள். அங்கே குழு சிறியது. முதியவருக்கும் அது கடினம். எனவே மலைக்கே போங்கள். ஆனால் முகாமில் அனுமதிக்கப்பட்ட அடுப்பிடத்தின் அருகே, அல்லது வெறும் திண்ணையிலாவது, ஆளுக்கு ஒரு மணி நேரம் இரவுக்காவல் வையுங்கள். காண்டாமிருகம் வராது, பபூன் குரங்கு வேண்டுமானால் விடியற்காலையில் ரொட்டியைத் திருட வரலாம். சொற்பொழிவு மூன்றையும் எடுத்துவிடுங்கள். கடன் மேலாண்மையைக் கேட்க யாரும் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டியதில்லை.

டோங்காட் அம்மா:

ஆண்கள் கேட்ட கேள்விக்கு இடையில் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். என் கணவர் இதே போன்ற ஒரு பயணத்துக்குப் போனபோது, வியாழக்கிழமை இரவு இரண்டு மணிவரை நான்தான் நாற்பது ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொடுத்தேன். அவர் திரும்பியதும் சேறு படிந்த துணி மூட்டையைத் துவைத்ததும் நான்தான். அவருடைய ஓய்வு எனக்கு இரண்டு நாள் கூடுதல் வேலையாக முடிந்தது.

தம்பி, உங்கள் பன்னிரண்டு பேரும் தாங்களே சமைக்கட்டும். பருப்பு, சோறு, ஊறுகாய் போதும். வெங்காயம் நறுக்கும்போது ஆண்கள் நன்றாகப் பேசுவார்கள் என்பதை நான் கோயில் அன்னதானச் சமையலில் கண்டிருக்கிறேன். திரும்பி வந்த அடுத்த வார இறுதியில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, வீட்டுப் பெண்களை எங்காவது அனுப்புவீர்களா என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

கரும்புத்தோட்டத்துப் பேரன்:

ஆசிரியர் ஐயாவின் கருத்தில் எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. பேசும் அமர்வை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. நம் வீட்டு ஆண்களில் சிலர் அழைத்தால்தான் பேசுவார்கள். ஆனால் அதைச் சனிக்கிழமை இரவு, உணவுக்குப் பின், வர விரும்புபவர் மட்டும் என்று வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நம்மவர்களுக்கு மலை பழக்கமில்லை, காருக்குள் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதோடு சரி" என்று நாமே கேலி செய்துகொள்கிறோம். 1860-இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டினார்கள். அவர்களுக்கு ஏது வார இறுதி? அதற்குப் பின் 1953-இன் தனித்தனி வசதிகள் சட்டம், கடற்கரை முதல் பூங்கா இருக்கை வரை இனவாரியாகப் பிரித்தது. அது நீக்கப்பட்டது 1990-இல்தான். என் தந்தை டர்பனின் ப்ளூ லகூன் கழிமுகத்தில் தூண்டில் போட்டதுண்டு. டிராக்கன்ஸ்பெர்க்கை அவர் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. உங்கள் 67 வயதுப் பெரியவருக்கும் அநேகமாக இதுவே முதல் மலை இரவாக இருக்கும். அவரை அவசரப்படுத்தி நடக்க வைக்காதீர்கள்.

இறைச்சி, மது பற்றி: செப்டம்பர் 24 என்பது புரட்டாசிக்குள் விழுகிறது. நாடே அன்று பிராய் போட்டு இறைச்சி சுடும். நம் வீடுகளில் பாதி விரதத்தில் இருக்கும். எனவே நீங்கள் புதிதாக ஒரு தடையை அறிவிக்கவே தேவையில்லை. காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் அதே ஆட்கள்தாம், இரண்டு நாள் இருக்க மாட்டார்களா? நடக்கவே முடியாதவர்கள் யாரேனும் இருந்தால், இக்ஸோப்போ அருகே 1980-இலிருந்து நடந்துவரும் பௌத்தத் தியான மையத்தை விசாரிக்கச் சொல்லுங்கள். சைவ உணவு உண்டு. இரவில் பேசாமை காக்கப்படும். புத்த சமயத்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சாட்ஸ்வொர்த் வாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு குழு கூடி முடிவெடுத்தோம். ஜயன்ட்ஸ் காஸில் என்பது உறுதி. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புக்கு ஒன்பது பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மற்ற மூவர் தங்கள் மேலாளர்களிடம் கேட்க வேண்டும். பதினான்கு அங்கங்கள் இப்போது நான்காகிவிட்டன: தேவாரம், நடை, சமையல், இரவுக்காவல். சனிக்கிழமை இரவுப் பேச்சு விரும்புவோருக்கு மட்டும். யோகாசனத்தை நீக்கியதில் சிலர் வெளிப்படையாகவே மகிழ்ந்தார்கள்.

டோங்காட் அம்மா சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அக்டோபரில் எந்த வார இறுதி என்று அப்போதே நாள்காட்டியில் குறித்துவிட்டார்கள். போகும் இடம் எனக்கு இன்னும் சொல்லப்படவில்லை.

இரவுக்காவல் முறை வகுத்ததில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் மூத்தவர், நள்ளிரவு இரண்டு மணி முறை தமக்கே வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். குளிரும் ஐயா, விடியற்காலை முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கவில்லை. நாற்பது ஆண்டு ஆலையில் இரவு வேலை பார்த்தவர்; அந்த நேரத்தில் எந்த இயந்திரமும் ஓடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். அவருக்கு ஒரு கம்பளி கூடுதலாக எடுத்துப் போகிறோம்.