இந்தப் படத்துக்கு யார் பெயரைப் போடுவது?

வணக்கம் மக்களே, அவசரமாக ஓர் உதவி. 1856-ல் திறந்த நம்ம ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றித் திங்கட்கிழமை கல்லூரியில் பேசணும், பிபிடியில் 14 படம். அதில் ஒன்றுதான் கழுத்தை அறுக்கிறது: தூண்களுக்கு முன்னால் குதிரை வண்டி நிற்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கையெழுத்து, எடுத்தவர் பெயரும் இல்லை வருஷமும் இல்லை. கூகுள் லென்ஸில் தேடினால் யாரோ பகிர்ந்த பக்கம், அங்கிருந்து இன்னொருவர் பகிர்ந்த பக்கம், அவ்வளவுதான்.

மூலங்களைக் குறிப்பிடுவதற்கான ஏபிஏ முறையில் தலைப்பில்லாத படத்தை நாமே விவரித்துச் சதுர அடைப்புக்குறிக்குள் போடணும், வருஷம் தெரியாவிட்டால் 'தேதி இல்லை' என்று எழுதணும், அதுவரை சரி. ஆனால் பகிர்ந்தவரையே மூலமாகக் காட்டலாமா? 'நன்றி: கூகுள்' என்று போட்டால் மேடம் வெளியே அனுப்பிவிடுவார். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் உரிமத்தோடு இருக்கிற படத்துக்கு மாறலாம்தான், அந்தக் குதிரை வண்டியை விட மனசு வரவில்லை.