வாதத்துல போலி (சரி மாதிரி தெரியுற தர்க்கப் பிழை) நுழைஞ்ச இடம் – பார்த்ததைச் சொல்லுங்க

தராசு
அபார்ட்மென்ட் பொதுக்குழு. லிஃப்ட் ஏ.எம்.சி. (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) 1,80,000 ரூபாய்னு கணக்குல இருக்கு, பில் எங்கேன்னு ஒரு அம்மா கேட்டாங்க. செயலாளர் மைக்கை வாங்கி, "உங்க வீட்டு மெயின்டனன்ஸே மூணு மாசம் பாக்கி. அதைக் கட்டிட்டு வந்து கேளுங்கம்மா"ன்னார். கூட்டமே சிரிச்சது. அந்த அம்மா உட்கார்ந்துட்டாங்க, பில் வரவே இல்லை. அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துது.

'நீ மட்டும் யோக்கியமா' வகை இது. பாக்கி நிஜமாவே இருக்கலாம், அதனால பில் இருக்குன்னு ஆயிடாது. "பாக்கியை மினிட்ஸ்ல எழுதிக்குங்க. இப்ப பில்லைக் காட்டுங்க." அந்த அம்மா இவ்வளவு சொன்னா போதும். பாக்கி ஏன் விழுந்ததுன்னு விளக்க ஆரம்பிச்சா பேச்சு அங்கேயே திரும்பிடும்.

வைகைக்கரை
தராசு, பாதிதான் சரி. பாக்கிதாரருக்கு ஓட்டு இல்லைன்னு பைலாவுல இருந்தா, ஓட்டெடுப்பு சமயத்துல பாக்கியை எடுக்கிறது நேர்மையான வாதம். பில் கேட்கிறப்ப எடுத்ததுதான் தப்பு. ஆளைப் பத்திப் பேசினாலே போலின்னு முத்திரை குத்திட முடியாது. நேர்ல பார்க்காத சாட்சின்னா அவரைப் பத்திப் பேசித்தானே ஆகணும்? இன்னொண்ணு: செயலாளர் சொன்ன பதில் போலிங்கிறதால செலவும் போலின்னு முடிவு கட்டினா, அதுவும் தர்க்கப் பிழைதான்.

ஓலைச்சுவடி
குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு பெரியப்பா: "நாலு நாள் கஷாயம், சளி போயே போச்சு. இதைவிட ஆதாரம் வேணுமா?" சாதாரண சளி பெரும்பாலும் 7–10 நாள்ல தானா அடங்கும். மூக்கடைப்பு உச்சத்துக்குப் போனதும்தான் அடுப்புல கஷாயம் ஏறுது. அதுக்கப்புறம் எப்படியும் இறங்குமுகம். குடிச்சவருக்கும் போகுது, குடிக்காதவருக்கும் போகுது.

மணிமேகலை 29ஆம் காதையில பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைத்தான் பிரிச்சு வைக்கிறார். ஏதுன்னா காரணம்; காரணம் மாதிரி தெரிஞ்சும் எதையும் நிறுவாதது ஏதுப்போலி. அதுல ஒரு பிரிவு அநைகாந்திகம், ஒரு பக்கமா நிக்காத காரணம். அநைகாந்திகத்துல முதல் வகை 'சாதாரணம்'. ஒலி அநித்தம் (நிலைக்காதது), ஏன்னா அது அறியப்படுதுன்னு ஒருத்தர் சொன்னா, குடமும் அறியப்படுது, ஆகாயமும் அறியப்படுது. குடம் அநித்தம், ஆகாயம் நித்தம் (என்றும் நிலைக்கிறது). ஏது ரெண்டு பக்கமும் நிக்கிறதால எதையும் நிறுவாது. பெரியப்பாவோட 'சளி போச்சு'வும் அப்படித்தான் நிக்குது. அவர்கிட்ட "தப்பு"ன்னு சொல்லாதீங்க, "குடிக்காம விட்ட தடவை எத்தனை நாள் ஆச்சு?"ன்னு கேளுங்க.

பனங்காடு
பஸ் ஸ்டாண்ட் எதிர்ல ஐ.ஏ.எஸ். கோச்சிங் பேனர், 40 முகம். பக்கத்து பேனர்லயும் அதே பையன், அதே நீலச் சட்டை. ஒரு அப்பா அதைக் காட்டி, "40 பேர் பாஸ், இங்கேயே சேர்ந்துடு"ன்னு மகள்கிட்ட சொல்லிட்டிருந்தார்.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன், பணம் கட்டும் முன்னாடி மூணு கேள்வி. சேர்ந்தவங்க எத்தனை பேர்? 400ல 40னா பத்துக்கு ஒண்ணு, 8,000ல 40னா இருநூறுக்கு ஒண்ணு. பேனர்ல தோத்த முகம் வராது. அடுத்தது, அந்த 40 பேர் என்ன கோர்ஸ் படிச்சாங்க? பிரிலிம்ஸ், மெயின்ஸ்னு ரெண்டு எழுத்துத் தேர்வையும் வேற இடத்துல முடிச்சிட்டு மாதிரி நேர்காணலுக்கு மட்டும் வந்தவர் முகமும் இப்படி ஏறுறது உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர்ல கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, தேர்ச்சி பெற்றவர் படிச்ச கோர்ஸை விளம்பரத்துல சொல்லியாகணும், படத்துக்கு அவர் சம்மதமும் வேணும். மூணாவது, அதெல்லாம் எந்த வருஷத்து ரிசல்ட்? அஞ்சு வருஷத்து முகங்களை ஒரே பேனர்ல நெருக்கி ஒட்டியிருந்தா, வருஷத்துக்கு எட்டுதான். பதிலை வாயால சொன்னா விடாதீங்க, லெட்டர்பேடுல எழுதிக் கேளுங்க.